மூன்றாவது தடவை ஒட்டிய மாலிப்டினம்

போன வாரம் சோழவந்தானில் இருந்து அந்த ஷாஃப்ட் மறுபடியும் பட்டறைக்கு வந்தது. ரைஸ் மில்லில் உமி இழுக்கிற புளோயரின் ஷாஃப்ட். பேரிங்கில் சத்தம் வருகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று இறக்கிவிட்டுப் போனார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் தேய்ந்துபோயிருந்ததை நான் மாலிப்டினம் என்கிற உலோகத்தை உருக்கி ஸ்ப்ரே செய்து கட்டிக் கொடுத்த இடத்தில்தான் அந்த பேரிங் உட்கார்ந்திருந்தது. பேரிங்கை இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டித் திருகினேன். லேசில் வரவில்லை. ஸ்பானர் பிடியில் குழாயைச் செருகி நெம்பிய பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் சீராக இறங்கி வந்தது. பேரிங்குக்குள் உமித்தூசி போய் கிரீஸ் களிமண்ணாகியிருந்தது, சத்தத்துக்கு அதுதான் காரணம். அடியில் ஷாஃப்டைத் துடைத்துப் பார்த்தேன். உரசல் இல்லை, துருக்கறை இல்லை, விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மைக்ரோமீட்டரில் 65.010 மி.மீ. நான் கொடுத்தபோது 65.012.

இதே ஷாஃப்டில் இதே வேலை முதல் இரண்டு தடவை முட்டை ஓடு மாதிரி உரிந்து வந்தது. அதனால்தான் மூன்றாவது தடவை என்ன செய்தேன் என்பதை, தப்பாகப் போன இரண்டையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என் பட்டறை மதுரையில் புதூர் தொழிற்பேட்டைப் பக்கம். ஆறடி லேத் ஒன்று, பழைய சிலிண்டர் கிரைண்டர் ஒன்று, பெரிய கம்ப்ரசர் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் இருந்து பழைய ஸ்ப்ரே கன் ஒன்று வாங்கி வந்தேன். அதன் நடுவில் கம்பி ஓடும். சுற்றிலும் கேஸ் தீ எரிந்து கம்பியின் நுனியை உருக்கும். அதற்கும் வெளியே வருகிற காற்று, உருகியதைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து எதிரே சுற்றுகிற இரும்பின் மேல் அடிக்கும். அவ்வளவுதான் கன். முதலில் இரும்புக் கேட்டுகளுக்கு ஜிங்க் அடித்தேன், பிறகு பம்ப் ஸ்லீவுகளுக்கு வெண்கலம். இரண்டுக்கும் எல்.பி.ஜி.யும் ஆக்சிஜனும் போதும்.

மாலிப்டினத்தின் மேல் ஆசை வந்தது, அது ஒட்டுகிற விதத்தைக் கேள்விப்பட்ட பிறகு. மற்றக் கம்பிகளை ஸ்ப்ரே செய்தால் துளிகள் இரும்பின் மேல் விழுந்து, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். மாலிப்டினம் அப்படி இல்லை. அது உருகுவது 2,620 டிகிரி சொச்சத்தில், இரும்போ 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். அவ்வளவு சூட்டோடு ஒரு துளி வந்து விழும்போது, அது தொட்ட இடத்தில் இரும்பே மிகச் சிறிய ஆழத்துக்கு உருகி அதோடு கலந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெல்டிங் என்றே சொல்லலாம். அதனால் வழவழப்பான இரும்பிலும் பிடிக்கும். ஷாஃப்டோ வெல்டிங் போட்டதுபோலச் சூடாகாது, வளையாது.

இன்னொரு குணமும் உண்டு. காற்றில் பறந்து வரும்போது துளிகள் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால், பூச்சு கம்பியைவிடக் கடினமாகிவிடுகிறது. இடையிடையே நுண்ணிய துளைகள் இருக்கும். அவை ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆயிலில் உரசுகிற இடத்தில் இந்தப் பூச்சு கடிக்காது, ஒட்டிப் பிடிக்காது. எஞ்சின்களில் மேல் பிஸ்டன் ரிங்கின் முகத்திலும், கியர்பாக்ஸில் ஸிங்க்ரோனைஸர் ரிங், கியர் ஃபோர்க் நுனிகளிலும் இதை அடிப்பது அதனால்தான். 'மோலி' என்றதும் பலர் கறுப்பு கிரீஸைக் காட்டுகிறார்கள். அது மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த பொடி கலந்த கிரீஸ். நான் சொல்வது சுத்த உலோகக் கம்பி.

கம்பி 3.17 மி.மீ. தடிமன். எனக்கு கிலோ ₹9,500 விழுந்தது. ஒரு மீட்டர் சுமார் 80 கிராம் இருக்கும், ஆக மீட்டருக்கு ₹760. வெட்டிய துண்டைக்கூட டப்பாவில் போட்டு வைக்கத் தோன்றும் விலை.

முதல் நாளே எல்.பி.ஜி.யில் ஓட்டிப் பார்த்து ஒரு மதியத்தை இழந்தேன். ஆக்சிஜனோடு எல்.பி.ஜி. தீ 2,800 டிகிரிக்குப் போகும், மாலிப்டினம் 2,620-ல் உருகும், பிறகென்ன என்று கணக்குப் போட்டேன். கம்பி வெளுக்கச் சூடாகிறது, உருக மாட்டேன் என்கிறது. காற்று அடிக்கிற வேகத்தில் நுனி துண்டு துண்டாகப் பிய்ந்து, மிளகு அளவுக்குக் கட்டிகளாகப் போய் விழுந்தது. அசிட்டிலீனுக்கு மாறி, அதற்குரிய நாசில் போட்டேன். தீ 3,100-ஐத் தாண்டும். அதே கம்பி பாலாக உருகிப் பறந்தது. இனி மாலிப்டினத்துக்கு எல்.பி.ஜி.யை நினைக்கவே மாட்டேன்.

சரி, ஷாஃப்டுக்கு வருவோம்.

சித்திரை மாதம். மில்காரர் அண்ணன் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். "தம்பி, நெல்லு குவிஞ்சு கெடக்கு. ரெண்டு நாள்ல முடியுமா?" புது ஷாஃப்ட் என்றால் இ.என்.8 ஸ்டீல் ராடு, லேத் கூலி, இரண்டு சாவிக்காடி எல்லாம் சேர்த்து ₹11,000 ஆகும், நான்கு நாளும் ஆகும். ஸ்ப்ரே என்றால் ₹4,500, இரண்டு நாள் என்றேன். சம்மதித்தார்.

பேரிங் 6313. உள்விட்டம் 65 மி.மீ., அகலம் 33. ஷாஃப்டில் அது உட்காரும் இடம் 45 மி.மீ. நீளம். உள்வளையம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது, அதனால் தேய்மானம். ஸ்டெப் பக்கம், அதாவது ஷாஃப்ட் தடிக்கிற பக்கம், 14 மி.மீ. அகலத்துக்கு 64.92 இருந்தது. மீதி 31 மி.மீ., அதாவது புல்லி பக்கம், 64.38. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி ஒரு வரம்பு. பெல்ட் இழுக்கிற பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நிதானமாகப் பார்த்திருந்தால் அங்கேயே விஷயம் பிடிபட்டிருக்கும். தேய்மானம் சரிவாக இறங்கும், இப்படிப் படி போட்டு இறங்காது. அந்த வரம்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், 'சுருக்' என்று மாட்டியது. மாட்டியும் யோசிக்கவில்லை.

வழவழப்பிலும் ஒட்டும் என்ற தைரியத்தில் ஷாஃப்டை லேத்தில் மாட்டி 80-ம் நம்பர் எமரித்துணியால் தேய்த்தேன். தின்னர் போட்டுத் துடைத்தேன். கடைசல் எதுவும் இல்லை. லேத் 125 சுற்று. அசிட்டிலீன் 1 கிலோ அழுத்தத்துக்கு உள்ளே, அதற்கு மேல் எப்போதும் ஏற்றக்கூடாது. காற்று 4 கிலோ. கன்னுக்கும் ஷாஃப்டுக்கும் நான்கு அங்குலம். கம்பி ஓடாமல் வெறும் தீயை மட்டும் காட்டி 90 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டு ஆரம்பித்தேன். நாலைந்து தடவை போய்வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்தி, வெறும் காற்றை மட்டும் விட்டு ஆற வைத்தேன். 65.40 வந்ததும் நிறுத்தினேன். 80 கிராம் கம்பி போனது. பூச்சு நல்ல வெள்ளிச் சாம்பல் நிறம், தொட்டால் எமரிக்காகிதம் போல.

கிரைண்டரில் அப்போது மாட்டியிருந்தது வெள்ளைக் கல். 65.20 வரும்வரை ஓடியது. பிறகு கல் மினுங்க ஆரம்பித்தது, வெட்டாமல் தேய்த்தது. இருந்தும் ஓட்டினேன். 65.08-ல் 'டிக் டிக்' என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் ஸ்டெப் பக்கத்து 14 மி.மீ. பட்டையில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு செதில் தூக்கி நிற்கிறது. ஸ்குரூடிரைவர் நுனியால் நெம்பினேன், பட்டையே வளையமாகப் பாதிச்சுற்று உரிந்து வந்தது. அடியில் கண்ணாடி மாதிரி வெண்மை. புல்லி பக்கத்துப் பூச்சை உளி வைத்துத் தட்டிப் பார்த்தேன். உளி முனைதான் மழுங்கியது.

அன்றைக்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்கள் இரண்டு. அந்தப் பட்டையில் முடிக்கும்போது பூச்சு 0.05 மி.மீ.தான் நிற்கும், அவ்வளவு மெல்லிசு என்பதால் கல் பிய்த்துவிட்டது. இன்னொன்று, தப்பான கல், சூடு. இரண்டாவது உண்மையிலேயே தப்புத்தான். சிம்மக்கல் கடைத்தெருவில் அலைந்து பச்சை சிலிக்கான் கார்பைடு கல் வாங்கினேன், 60-ம் நம்பர், ₹1,850. மாலிப்டினம் கிரைண்டிங் செய்ய இதுதான் கல். கூலன்ட் தாராளமாக ஓட வேண்டும், ஒரு தடவைக்கு 0.01 மி.மீ.க்கு மேல் இறக்கக்கூடாது. இந்தப் பாடம் இன்றைக்கும் நிற்கிறது. முதல் காரணம்தான் என்னைச் சுற்றவிட்டது.

மெல்லிசு என்றால் தடிமன் கொடுப்போம் என்று இரண்டாவது தடவை முழு இடத்தையும் புதுக் கல்லால் 64.60-க்குக் குறைத்தேன். புல்லி பக்கம் ஏற்கெனவே பிடித்திருந்த பூச்சில் 0.11 மி.மீ. அப்படியே அடியில் நின்றது. அதன் மேலேயே அடித்தால் ஒட்டும். திரும்ப எமரி, திரும்பத் தின்னர், இந்தத் தடவை புது வெள்ளைத்துணி, கையில் உறை. 65.40 வரை அடித்தேன். 70 கிராம். மணி இரவு எட்டு. மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், கிரைண்டர் பக்கம் போகாமலே, லேத்தில் நின்ற நிலையிலேயே, அதே 14 மி.மீ. பட்டையில் ஒரு வெடிப்பு சுற்றி ஓடுகிறது. விரலால் தட்டினால் ஓட்டை மண்பானைச் சத்தம். புல்லி பக்கம் கல்லு மாதிரி நிற்கிறது.

மனசு விட்டுப்போனது. மில்காரர் அண்ணனுக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "திருவிழா முடியட்டும் தம்பி, மில்லுல ஆளும் வராது" என்றார்.

மறுநாள் எதிர்சேவை, சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற நாள். அழகர் மூன்றுமாவடிக்கு வந்துவிட்டால் அப்புறம் புதூர் ரோட்டில் சைக்கிள்கூடப் போகாது. அசிட்டிலீன் சிலிண்டர் மாற்றவும் வழியில்லை. பட்டறைக் கதவைப் பாதி திறந்து வைத்து, தெருக்காரர்களோடு சேர்ந்து நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கிற ஐயா ஒருவர் மோர் குடிக்க வந்தார். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷாஃப்டைப் பார்த்ததும் உள்ளே வந்து குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உரிந்த பட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு தடவையும் இதே எடத்துலதான் போச்சா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப உன் கன்னுல கோளாறு இல்ல, எடத்துல கோளாறு. இது இரும்பு வெள்ளையா எனக்குத் தெரியல. மயில்துத்தம் கெடைக்குமா?"

அந்தக் காலத்தில் மார்க்கிங் செய்ய, பளபளப்பான இரும்பில் மயில்துத்தக் கரைசலைத் தடவுவார்களாம். இரும்பு செம்பு நிறமாகிவிடும், அதன் மேல் கோடு கீறினால் தெளிவாகத் தெரியும். இரும்பில்தான் அப்படிச் சிவக்கும், குரோம் முலாம் மேல் சிவக்காது என்றார். மில்காரர் அண்ணனுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. கொடிக்கு அடிக்கிற மருந்துக்காக மயில்துத்தம் மூட்டையாகவே வைத்திருப்பார். திருவிழா முடிந்த அன்றே ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன், அதில் பேட்டரி ஆசிட் நாலு சொட்டு. பஞ்சால் தொட்டு முதலில் ஷாஃப்டின் வெறும் நுனியில் தடவினேன். ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் செம்புக் குடம் மாதிரி சிவந்தது. அடுத்து உரிந்த பட்டையில் தடவினேன். நீல நீர் வழிந்து கீழே சொட்டியது, பட்டை வெள்ளையாகவே நின்றது. திரும்பத் தடவினேன். வெள்ளை.

அண்ணனைக் கேட்டேன், இதற்கு முன்னால் எங்கேயாவது வேலை செய்ததா என்று. யோசித்துவிட்டு, "அப்பா இருக்கும்போது ஒருக்கா முலாம் போட்டு வந்தோம்ல" என்றார். ஹார்டு குரோம். புல்லி பக்கத்தில் அந்த முலாம் என்றைக்கோ பெயர்ந்து போய், பேரிங் தளர்ந்து, வழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஸ்டெப் பக்கம் மட்டும் முலாம் மிச்சம். நான் தேய்மானம் என்று நினைத்த படிக்கட்டு, முலாம் உடைந்து நின்ற விளிம்பு.

மாலிப்டினம் எல்லாவற்றிலும் ஒட்டாது. சாதா இரும்பு, வார்ப்பிரும்பு, அலுமினியம் பிடிக்கும். செம்பு, பித்தளை, வெண்கலம் பிடிக்காது. குரோம் முலாமும் பிடிக்காது, நைட்ரைடிங் செய்த, அதாவது நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய பரப்பும் பிடிக்காது. இதில் ஒன்றிரண்டு எனக்கு முன்பே தெரியும். பித்தளையைப் பார்த்தால் பித்தளை என்று தெரியும், ஆகவே கவலையில்லை என்று இருந்துவிட்டேன். இரும்பு மாதிரியே இருக்கிற குரோம் வந்து நிற்கும் என்று யோசிக்கவில்லை.

மூன்றாவது தடவை அவசரப்படவில்லை. பச்சைக் கல்லால் பழைய பூச்சு, குரோம் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கினேன். கூலன்ட் இல்லாமல் குரோமைத் தேய்க்கக்கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. 64.40-ல் மயில்துத்தம் தடவிப் பார்த்தேன். பெரும்பாலும் சிவப்பு, நடுநடுவே வெள்ளைக் கீற்றுகள், நரைமுடி மாதிரி. 64.25-ல் முழுக்கச் சிவப்பு. நம்பிக்கைக்காக 64.10 வரை போய் இன்னொரு தடவை தடவினேன். முழுச் சிவப்பு.

கன்னை எடுக்கப் போனபோதுதான் சட்டென்று உறைத்தது. சிவந்திருப்பது செம்பு. செம்பின் மேல் மாலிப்டினம் ஒட்டாது. சோதனை செய்த இடத்தை அப்படியே விட்டு அடித்திருந்தால், நானே போட்ட செம்புப் படலத்தின் மேல் மூன்றாவது தடவையும் உரிந்திருக்கும். லேத்துக்கு மாற்றி, கூலன்ட் இல்லாமல், கூர்மையான டூலால் பக்கத்துக்கு 0.05 வெட்டி 64.00-க்குக் கொண்டுவந்தேன். டூல் ஓடிய வரி கொஞ்சம் முரடாகவே இருக்கட்டும் என்று விட்டேன். ஸ்டெப் ஓரத்தில் மூலை வளைவை, 1.5 மி.மீ. ரேடியஸை, கெடுக்காமல் பார்த்துக்கொண்டேன், அங்கே கூர் மூலை விழுந்தால் ஷாஃப்ட் பிறகு அந்த இடத்தில்தான் முறியும். மறுமுனையில் பள்ளத்தின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் 45 டிகிரிக்குச் சரித்தேன். கன் நேராக அடிக்கும்போது செங்குத்தான விளிம்பின் நிழலில் பூச்சு பஞ்சு மாதிரி உட்கார்ந்துவிடும்.

பக்கத்து ஷெட்டில் கிரிட் பிளாஸ்டிங் இருக்கிறது, கூரான பொடியைக் காற்றால் அடித்து இரும்பைச் சொரசொரப்பாக்குகிற வேலை, ₹200. தானாக ஒட்டும் உலோகத்துக்கு எதற்கு என்று முன்பு கேட்டவன் இந்தத் தடவை கொண்டுபோனேன். பக்கத்து இடங்களுக்குத் தகடு சுற்றி மறைத்துவிட்டு பிளாஸ்ட் செய்து, வெறுங்கை படாமல் லேத்துக்குத் திருப்பி, அரைமணி நேரத்துக்குள் கன்னைப் பற்றவைத்தேன்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். பக்கத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் முழுக்க மாலிப்டினத்தையே ஏற்றினால் செலவு, தடிமன் கூடக்கூட பூச்சு ஆறிச் சுருங்கும்போது வருகிற உள்இழுப்பும் கூடும். பேரிங்கின் உள்வளையம் இறுக்கமாக உட்காருகிற இடம், அங்கே உரசலே கிடையாது. மாலிப்டினத்தின் வழுக்கும் குணம் அங்கே வீண், அதன் பிடிமானம் மட்டும் போதும். ஆகவே அடியில் பக்கத்துக்கு 0.1 மி.மீ. மாலிப்டினம், 64.20 வரை. 25 கிராம்தான் ஆனது. அதன் முரட்டு முகத்தின் மேல் 13 சதவீத குரோமியம் கலந்த ஸ்டீல் கம்பியை ஓட்டி 65.50 வரை கட்டினேன். கலவையாகச் சேர்ந்த குரோமியம் வேறு, மேலே முலாமாகப் போட்ட குரோம் வேறு. இந்தக் கம்பி மாலிப்டினத்தின் மேல் நன்றாகப் பிடிக்கிறது. அது எனக்கு கிலோ ₹480 விழுந்தது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, 140 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தினேன். மாலிப்டினம் அடிக்கும்போது பூச்சு நீலம் பாரித்தால் சூடு மிஞ்சி ஆக்சைடு ஏறுகிறது என்று அர்த்தம். இந்தத் தடவை ஒரு இடத்திலும் நீலம் இல்லை. காதுக்கு அடைப்பு, பச்சைக் கண்ணாடி, மூக்குக்கு வால்வு வைத்த மாஸ்க், எக்ஸாஸ்ட் ஃபேன், எல்லாம் ஓடியது. கன் சத்தம் ஜெட் மாதிரி, காது அடைக்காமல் ஒரு நிமிஷம்கூட நிற்கக்கூடாது.

ஒரு ராத்திரி தானாக ஆற விட்டேன். காலையில் வந்து கதவைத் திறக்குமுன் விரலைத்தான் முதலில் தயார் செய்தேன். தட்டினேன். முழுக்க ஒரே சத்தம், கெட்டியான இரும்புச் சத்தம்.

65.012-க்கு கிரைண்டிங் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த அளவு ஷாஃப்டுக்கு பேரிங் இறுக்கம் 65.002-ல் இருந்து 65.021-க்குள் இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தினேன். பூச்சின் துளைகளில் கூலன்ட் தங்கினால் உள்ளுக்குள் துரு பிடிக்கும். அதனால் 80 டிகிரிக்குச் சூடு காட்டி ஈரத்தை விரட்டி, சூட்டோடு மெல்லிய ஆயிலைத் தடவினேன். சாயந்தரம் வரைக்கும் குடித்துக்கொண்டே இருந்தது. பேரிங்கை 105 டிகிரிக்கு ஆயில் சட்டியில் சூடாக்கி, கையாலேயே தள்ளி உட்கார வைத்தேன். சுத்தியல் தொடவில்லை.

கணக்கு இது. மூன்று தடவைக்கும் மாலிப்டினம் 175 கிராம், ₹1,660. பச்சைக் கல் ₹1,850, அது இனி பல வேலைக்கு ஆகும். கேஸ் சுமார் ₹900. பிளாஸ்டிங் ₹200, ஸ்டீல் கம்பி ஐம்பது ரூபாய்க்குள். என் கைவேலை நாலு நாள். வாங்கியது பேசிய ₹4,500-தான். முதல் தடவையே மயில்துத்தம் தடவியிருந்தால் மாலிப்டினம் செலவு ₹240-ல் முடிந்திருக்கும்.

அடுத்த தடவை மாற்றப்போவது சில உண்டு. பூச்சு தயாரானதும் கிரைண்டிங்குக்கு முன்னாலேயே துளைகளை அடைக்கிற சீலர் தடவப்போகிறேன், கூலன்ட் உள்ளே இறங்காது. அடிப்பூச்சுக்கு 0.1 வேண்டியதில்லை, 0.07 போதும் என்று தோன்றுகிறது. ஷாஃப்ட் கொண்டுவருகிறவரிடம் அளவு கேட்பதற்கு முன்னால், இதற்கு முன் யார் என்ன செய்தார்கள் என்று கேட்கிறேன். மயில்துத்தப் பாட்டில் இப்போது மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த வேலையைக் கேள்விப்பட்டு இன்னொரு மில்லில் இருந்து, உமி எரிக்கிற அடுப்பின் சூடான புகை இழுக்கும் ஃபேன் உறையின் உள்பக்கத்துக்கு மாலிப்டினம் அடிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். காற்று படுகிற இடத்தில் 300 டிகிரியைத் தாண்டினால் அது மெல்ல ஆக்சைடாக மாற ஆரம்பிக்கும். இன்னும் சூடேறினால் அந்த ஆக்சைடு புகையாகவே பறந்துவிடும். 2,620 டிகிரியில் உருகுகிற உலோகம் 500 டிகிரி தாங்காதா என்று கேட்டார்கள். உருகாது, ஆனால் காற்று அதைத் தின்றுவிடும்.

மாலிப்டினத்தை மேல்பூச்சாகவே வைக்க வேண்டிய வேலை இப்போதுதான் வந்திருக்கிறது. அலங்காநல்லூர்ப் பக்கம் இருந்து டிராக்டர் கியர் ஃபோர்க் இரண்டு. நுனிகள் தேய்ந்து கியர் சரியாக விழ மாட்டேன் என்கிறதாம். ஆயிலுக்குள் உரசுகிற இடம், பக்கத்துக்கு 0.4 மி.மீ. மட்டும் ஏற்ற வேண்டும், மாலிப்டினத்துக்கென்றே செய்த மாதிரி வேலை. இரண்டின் நுனியிலும் அரத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் அரம் கடிக்கிறது. இன்னொன்றில் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்குகிறது. நைட்ரைடிங் செய்ததாக இருக்கலாம். அதைத் தனியாக எடுத்து, பேப்பரில் சுற்றி, அலமாரியில் வைத்திருக்கிறேன். டிராக்டர்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவேன்.